புளியிட்டுத் தேய்க்கும் வரலாறு

பல்லடம் வட்டாரத்து இல்லங்களின் பழம்பெட்டிகளில் ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய்கள் கிடைப்பதுண்டு. கைக்கு வந்ததும் நாம் செய்வதென்ன? புளியிட்டுத் தேய்க்கின்றோம். நாணயம் பளபளக்கிறது, வரலாறு தேய்ந்துபோகிறது.

1911ஆம் ஆண்டின் ரூபாயை எண்ணிப் பார்ப்போம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பொறித்த சிறு யானை, துதிக்கை குறுகியதால் பன்றிபோல் தோன்றியது. இசுலாமிய மக்களின் மனம் புண்பட்டது. அரசு அந்நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையுருவைத் திருத்தி வெளியிட்டது. எனவேதான் 'பன்றி ரூபாய்' எனச் சேகரிப்போர் அழைக்கும் அந்நாணயம் இன்று அரும்பொருளாயிற்று.

அதனை மெய்ப்பிக்கும் சான்று அச்சிறு துதிக்கையே. தேய்த்தால் அழியக்கூடியதும் அதுவே. ஆதலின், பகலொளி பக்கவாட்டில் சாய்ந்து விழுமாறு வைத்து இருபுறமும் படமெடுத்தல் வேண்டும். அருகில் அளவுகோல் வைத்தலும், எடை குறித்தலும் வேண்டும். மெய்யான ரூபாயின் நிறை 11.66 கிராம், போலியை அவ்வெடையே பெரிதும் காட்டிக்கொடுக்கும்.

எளிய மக்களின் மனக்குறை ஒரு பேரரசின் அச்சையே மாற்றியதற்கு அந்நாணயம் சாட்சி. அச்சாட்சியை நம் கையாலேயே அழித்தல் தகுமோ? மாணவச் செல்வங்களே, தேய்க்குமுன் நோக்குவோம்!