கெர்னல் கற்கும் முதல் தலைமுறை: திறந்த மூலநிரலின் மூடிய கதவுகள்

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு திருத்தத்தை எழுதி அனுப்புவதற்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பட்டச் சான்றிதழோ பரிந்துரைக் கடிதமோ கேட்கப்படுவதில்லை. கணினியின் வன்பொருளுக்கும் நாம் இயக்கும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று, நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் பங்கிட்டுத் தரும் உட்கருவே கெர்னல். ஆண்ட்ராய்டு கைபேசிகள் அதன்மீதே இயங்குகின்றன. 2017 நவம்பர் முதல் உலகின் முன்னணி 500 மீத்திறன் கணினிகளும் அவ்வாறே. இத்தகைய ஒன்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்பது பெரும் வாய்ப்பு. ஆனால் 'எவரும் வரலாம்' என்று எழுதிவைத்த வாசலில் யார் நுழைகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

இந்த வாசல் தானாகத் திறந்ததன்று. 1976இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு மாணவர்களுக்காக உரை எழுதினார். அடுத்த பதிப்பின் உரிமத்தில், மூலநிரலை வகுப்பறையில் பாடமாக நடத்த ஏடி அண்ட் டி நிறுவனம் தடை விதித்தது. லயன்ஸின் உரை நகலின் நகலாகக் கைமாறியது. ஆண்ட்ரூ டேனன்பாம் கற்பிப்பதற்கென்றே மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தை எழுதி 1987இல் வெளியிட்டார். அதைப் பயன்படுத்திக் கற்ற ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். உரிமத் தடையும் சாதித் தடையும் ஒன்றல்ல. எனினும், அறிவைப் பூட்டிவைப்பவர்களுக்கும் பூட்டைக் கடந்து படிப்பவர்களுக்கும் இடையிலான மோதல் நமக்குப் புதிதன்று.

தொடக்கநிலையாளர் எங்கே தொடங்குவது? இன்று கெர்னல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதை முழுவதும் படிக்க வேண்டும் என்று எண்ணுபவர் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவார். சி மொழி அறிந்த மாணவர், ஒரு பக்கத்தில் அடங்கும் மாட்யூல் ஒன்றை எழுதி, அதைக் கெர்னலில் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். கியூஎம்யூ போன்ற மென்பொருளால் மெய்நிகர் கணினியை உருவாக்கி அதில் பழகினால், நிரல் தவறினாலும் செயலிழப்பது அந்த மெய்நிகர் கணினி மட்டுமே. பின்னர், தரம் இன்னும் முழுமை பெறாத வன்பொருள் இயக்கிகள் வைக்கப்பட்டுள்ள 'ஸ்டேஜிங்' பகுதிக்குச் செல்லலாம். 'செக்பேட்ச்' என்னும் நிரல் எழுத்துநடைப் பிழைகளைச் சுட்டும். 'கெட் மெயின்டெய்னர்' என்னும் நிரல் திருத்தத்தை யாருக்கு அனுப்ப வேண்டும் எனக் கூறும்.

ஆனால் எழுத்துநடைத் திருத்தங்கள் அனுப்பும் முறையைத்தான் கற்றுத் தருகின்றன. கெர்னலைக் கற்றுத் தருவதில்லை. ஒரு கோப்பைப் படிக்கும் அழைப்பு பயனரின் நிரலிலிருந்து புறப்பட்டு வட்டு வரை எவ்வழியே செல்கிறது என்று பின்தொடர வேண்டும். உண்மையான பிழையொன்றின் காரணத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அதற்கு மாதங்கள் தேவை.

அந்த மாதங்கள் யாரிடம் இருக்கின்றன? கெர்னலின் பெரும்பகுதியை இன்று எழுதுபவர்கள் நிறுவனங்களிடம் ஊதியம் பெறுபவர்கள். ஊதியம் கிடைக்கும் நிலையை எட்டும்வரை கூலியில்லாமல் கற்கும் காலத்தைக் குடும்பச் செல்வம்தான் தாங்குகிறது. கல்விக்கடனோடு வெளியேறும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த அவகாசம் இல்லை. பழைய மடிக்கணினியில் முழுக் கெர்னலைத் தொகுக்கப் பல மணி நேரம் ஆகும். தேவையான பகுதிகளை மட்டும் தேர்ந்து தொகுத்தால் அந்நேரம் வெகுவாகக் குறையும் என்பதைச் சொல்லித்தர அருகில் ஆளில்லை. கெர்னலின் ஆவணங்களுக்குச் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்ப்புகள் உண்டு. தமிழில் இல்லை.

அடுத்தது பெயர். ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அனுப்புபவர் தம் பெயரால் ஒப்பமிட வேண்டும். அது வரலாற்றில் அழியாது நிற்கும். 'உண்மைப் பெயர்' வேண்டும் என்றிருந்த விதி, 2023இல் 'அறியப்பட்ட அடையாளம்' என்று தளர்த்தப்பட்டது. குடும்பப் பெயரே சாதியைக் காட்டிக்கொடுக்கும் நாட்டில் இது சிறிய மாற்றமன்று.

நிரலில் சாதி தெரியாது, தரமே பேசும் என்பார்கள். நிரலில் தெரியாமலிருக்கலாம். யாருடைய முதல் தவறு பொறுமையோடு திருத்தப்படுகிறது, யார் வேலைக்குப் பரிந்துரைக்கப்படுகிறார் என்பவற்றை உறவுகளும் வலைப்பின்னல்களும் முடிவு செய்கின்றன. சாதிப் பாகுபாடு நிகழ்ந்ததாகச் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அரசு அமைப்பு 2020இல் வழக்குத் தொடுத்தது. தனிப் பொறியாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிஃபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய அத்தகைய மசோதாவையோ ஆளுநர் நிராகரித்தார். கணினித் துறையில் சாதி இருக்கிறதா என்பது வெறும் ஐயமாக இனியும் தள்ளப்பட முடியாது.

2018 செப்டம்பரில், தம் கடுமொழி மின்னஞ்சல்களுக்கு டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்ட அதே நாள்களில், கெர்னல் சமூகம் நடத்தை விதி ஒன்றை ஏற்றது. 'காண்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்னும் பொது ஆவணத்தின் 1.4ஆம் பதிப்பே அதற்கு அடிப்படை. இனம், மதம், தேசியம், கல்வி, பொருளாதார நிலை ஆகியன அதில் உண்டு, சாதி இல்லை. மூல ஆவணத்தின் 2.1ஆம் பதிப்பு 2021இல் சாதியைச் சேர்த்துக்கொண்டது.

நாம் செய்ய வேண்டியவை தெளிவானவை. அம்பேத்கர் வாசகர் வட்டங்கள் இயங்கும் கல்லூரிகளில் கெர்னல் வாசிப்பு வட்டமும் இயங்கட்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் வேகமான கணினி ஒன்றேனும் பொதுப் பயன்பாட்டுக்குக் கோரப்படட்டும். அமைப்புரீதியான பாகுபாட்டுக்கு ஆளானோருக்கு 7,000 டாலர் உதவித்தொகையுடன் பயிற்சி தரும் அவுட்ரீச்சி திட்டத்துக்கு நம் மாணவர்கள் விண்ணப்பிக்கட்டும். அத்திட்டத்தில் லினக்ஸ் கெர்னல் 2013 முதல் பங்கேற்றுவருகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த நடத்தை விதி கெர்னலின் மூலநிரல் தொகுப்புக்குள்ளேயே ஒரு கோப்பாக இருக்கிறது. அதை மாற்றும் வழியும் ஒரு திருத்தத்தை அனுப்புவதுதான். பராமரிப்பாளர்கள் விவாதிப்பார்கள், மறுக்கவும் கூடும். ஆயினும் அதில் 'சாதி' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்க்கக் கோரும் திருத்தத்தை, காரணங்களோடு, தம் பெயரால் ஒப்பமிட்டு அனுப்ப எவருடைய அனுமதியும் தேவையில்லை.