கொல்லாத நஞ்சும் கொழுப்பும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்திலுள்ள கல்லாற்று வனப்பகுதியில் நச்சுமுறிவு வைத்தியத்திற்குப் பெயர் பெற்றவர் காணி இனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாள். 2018-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. பாம்பு தீண்டினால் பல வேளைகளில் கடிவாயும் வீக்கமும் அதைக் காட்டிவிடும். ஆனால் எவ்வித அறிகுறியுமின்றி உடலின் போக்கை மாற்றக்கூடிய இரசாயனப் பொருள்களும் உள்ளன. அவற்றைப் பற்றி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் நாமே.

கல்லாற்று நீர் வாமனபுரம் ஆற்றின் வழியே அரபிக்கடலைச் சேர்கிறது. கடலிற் செல்லும் கப்பல்களின் அடிப்புறத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்க, டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயக் கூட்டுப்பொருள் கலந்த வண்ணம் பல்லாண்டுகள் பூசப்பட்டது. பெண் நத்தைகளில் ஆண் உறுப்புகள் வளர்வதற்கு இது காரணமாயிற்று. இதனைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001-இல் உருவாகி, 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

இடையில் 2006-ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் புரூஸ் புளும்பெர்க் குழுவினர் வேறொன்றைக் கண்டனர். கருவுற்ற எலிகளுக்கு இப்பொருளைக் கொடுத்தபோது, பிறந்த குட்டிகளின் உடலில் கொழுப்பு மிகுந்தது. ஜீன் உடலில் இருப்பது வேறு. அது செயற்படுவது வேறு. பி.பி.ஏ.ஆர். காமா என்னும் புரதம், முதிராத செல்லைக் கொழுப்புச் செல்லாக மாற்றும் ஜீன்களைத் தூண்டுவது. டிரைபியூட்டைல்டின் அப்புரதத்தோடு பொருந்தி, அந்த ஜீன்களின் வெளிப்பாட்டை மிகுவிக்கிறது. நீரிழிவுக்கு வழங்கும் பயோகிளிட்டசோன் மருந்தும் இதே புரதத்தின்மீதே செயற்படுகிறது. அதனை உட்கொள்வோர் பலருக்கு எடை கூடுவது மருத்துவர் அறிந்ததே.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா என்று கேட்பது நியாயமே. சூழலிற் கலந்த இப்பொருளால் மனிதர் பருமனடைகின்றனர் என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. உணவும் உழைப்பும் பரம்பரையும் முக்கியமானவை என்பதிலும் மாற்றமில்லை. ஆயினும் கருவிலிருக்கும் காலம் மீண்டும் வருவதில்லை. முழுச் சான்றும் கிடைக்கும் வரை காத்திருந்தால், அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிடும். ஆகவே செலவில்லாத எச்சரிக்கையை இன்றே மேற்கொள்வது அறிவுடைமை என்பது என் கருத்து. பிஸ்பீனால்-ஏ என்னும் பொருளின் மீதும் இத்தகைய ஐயம் உண்டு. குழந்தைகளின் பால்புட்டிகளில் அது இருத்தலாகாது என 2015-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிர்ணயம் விதித்துள்ளது. சூடான உணவைப் பிளாஸ்டிக் கலத்தில் இடாதிருத்தலும், வண்ண டப்பாக்களையும் மருந்துப் புட்டிகளையும் ஆற்றில் எறியாதிருத்தலும் எவருக்கும் இயலும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் பருத்த குழந்தையைப் “பெருந்தீனிக்காரன்” என்று பிறர் நகைக்கும்போது நாம் வாளாவிருத்தல் தகாது. அக்குழந்தையின் உடல், பிறப்பதற்கு முன்னரே பல காரணங்களால் உருப்பெற்றிருக்கலாம். களப்பணியாளர்களும் கர்ப்பிணிகளிடம் அச்சமூட்டாமல், “இருக்கலாம்” என்பதை “இருக்கிறது” என்று மாற்றாமல் பேசுதல் வேண்டும். நாம் மிகைப்படுத்திக் கூறும் ஒரு சொல், நாளை நாம் கூறும் பத்து உண்மைகளையும் நம்பாதபடி செய்துவிடும்.