கட்டி முடிக்கிற எஞ்சினே நல்ல எஞ்சின்

பிரிட்டனில் பழைய பொருள்களை ஏலம் விடும் இடங்களில் ஒரு மரப்பெட்டி அடிக்கடி வந்து நிற்கும். உள்ளே எண்ணெய்க் கறை படிந்த வரைபடங்கள், லேத் பட்டறையையே பார்க்காத இரும்பு வார்ப்புகள், சக்கரம் மட்டும் பூட்டிய ஒரு சட்டம். யாரோ ஒருவர் தன் கையாலேயே ஒரு நீராவி ரயில் எஞ்சின் கட்ட ஆசைப்பட்டு, பாதியில் விட்டது. அந்தப் பெட்டிக்குள் கிடப்பது இரும்பு மட்டுமில்லை. ஒரு மனிதரின் சில வருட ஞாயிற்றுக்கிழமைகளும்தான்.

இது அலமாரியில் வைக்கிற பொம்மை ரயில் அல்ல. கரி போட்டு, தண்ணீர் கொதிக்க வைத்து, பின்னால் கோத்த வண்டியில் ஆட்களை உட்கார வைத்து இழுக்கும் நிஜ நீராவி எஞ்சின். அளவு மட்டும்தான் சின்னது. பெர்சிவல் மார்ஷல் 1898-ல் ‘மாடல் எஞ்சினியர்’ பத்திரிகையைத் தொடங்கிய காலத்திலிருந்து, பிரிட்டனில் வீட்டுக் கொட்டகைகளில் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இந்த எஞ்சின்கள் ஓடும் தண்டவாளத்தின் அகலத்தில் மூன்று அளவுகள் பிரபலம்: மூன்றரை அங்குலம், ஐந்து அங்குலம், ஏழேகால் அங்குலம். முதன்முதலாகக் கட்டுபவர் எதில் தொடங்குவது?

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று நம் பெரியவர்கள் சொன்னது வீட்டுக்குப் பொருந்தும். நீராவி எஞ்சினுக்கு அது பாதிதான் பொருந்தும்.

‘டிச்’ என்ற எஞ்சினையே எடுத்துக்கொள்ளலாம். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் பல்லாண்டுகள் எழுதிய வடிவமைப்பாளர் புதியவர்களுக்காகவே வரைந்து கொடுத்தது. தான் வேலை பார்த்த ரயில்வேயின் பெயர்ச் சுருக்கத்தையே புனைபெயராக வைத்துக்கொண்டவர் அவர். மூன்றரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் நான்கு சக்கர எஞ்சின். பாகங்கள் குறைவு, உலோகம் குறைவு, சின்ன லேத்தே போதும். எத்தனையோ பேர் இதில்தான் தொடங்கினார்கள்.

கட்டி முடித்து ஓட்டும்போதுதான் இன்னொரு விஷயம் புரியும். ஓர் அண்டா நிறையப் பாயசம் வெகுநேரம் சூடாக இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்தால் சட்டென்று ஆறிவிடும். எஞ்சினின் நீள அகல உயரத்தைப் பாதியாக்கினால், வெளிப்பரப்பு நாலில் ஒன்றாகும். உள்ளே பிடிக்கும் தண்ணீரோ எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே சின்ன பாய்லரில் சூடு சீக்கிரம் போகும், தண்ணீர் மட்டம் மளமளவென்று இறங்கும், கைப்பிடிக் கரியில் எரியும் நெருப்பு கொஞ்சம் அசந்தால் அணைந்துவிடும். சின்ன எஞ்சினைக் கட்டுவது மலிவு. ஓட்டுவதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். ‘டிச்’ எஞ்சினுக்கே பெரிய பாய்லர் வைத்த இன்னொரு வடிவம் உண்டு என்பது இதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் பெரியதாகவே தொடங்கலாமா? ஏழேகால் அங்குல எஞ்சின் ஜோராக இழுக்கும். ஆனால் அதைத் தூக்க ஆள் வேண்டும், கொண்டுபோக வண்டி வேண்டும், சக்கரம் கடையப் பெரிய லேத் வேண்டும். பிரிட்டிஷ் வீட்டுப் பட்டறைகளில் பிரபலமான மைஃபோர்டு எம்.எல்.7 லேத்தில் சுமார் பத்து அங்குல விட்டம் வரைதான் கடைய முடியும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இங்கே வெறும் பழமொழி அல்ல, கணக்கு.

நடுவழி உண்டு. மார்ட்டின் எவன்ஸ் வடிவமைத்த ‘ராப் ராய்’ மூன்றரை அங்குலத்தில் ஓடும் ஆறு சக்கர எஞ்சின். அவருடைய ‘சிம்ப்ளெக்ஸ்’ ஐந்து அங்குலத்தில் ஓடுவது. ஜாக் பக்லரின் ‘ஸ்வீட் பீ’யும் ஐந்து அங்குலம்தான். அதன் நெருப்புப்பெட்டி உருண்டைக் குழாய் வடிவில் இருப்பதால், சதுரப் பெட்டியைவிட பாய்லர் வேலை எளிது.

இந்த மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை: தண்ணீரையும் கரியையும் தானே சுமப்பவை. பின்னால் டெண்டர் என்ற தனி வண்டியைக் கட்டும் வேலை மிச்சம். சிலிண்டர்களும் சக்கரத்துக்கு வெளியே இருப்பதால் பூட்டுவதும் கழற்றுவதும் கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

எதை எடுத்தாலும், முதல் வார்ப்பை வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். மிகப் பெரிய சக்கரம் கையிலுள்ள லேத்தில் ஏறுமா? வார்ப்புகள் இப்போதும் விற்பனையில் உள்ளனவா? ஓட்டிப் பார்க்கப் பக்கத்தில் எந்தக் கழகத்தின் தண்டவாளம், எந்த அகலத்தில் இருக்கிறது? அதே எஞ்சினை ஏற்கெனவே கட்டி முடித்தவர் யாராவது உண்டா? கடைசிக் கேள்விதான் முக்கியம். பழைய வரைபடங்களில் அளவுப் பிழைகள் இருப்பதுண்டு. கட்டியவருக்கு அவை தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

பாய்லர் விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 80 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்யும் செப்புப் பாய்லர், கார் டயரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் தாங்கவேண்டும். வெள்ளி கலந்த பற்றாசு வைத்துத்தான் அதன் மூட்டுகளை இணைப்பார்கள். புதுப் பாய்லருக்குள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரு மடங்கு கொடுத்துச் சோதிப்பது பிரிட்டிஷ் கழகங்களின் வழக்கம். தண்ணீர் அமுங்காது, மூட்டு விட்டால் பீறிட்டு நின்றுவிடும். நீராவி அப்படி நிற்காது, வெடிக்கும். கைவேலையில் நம்பிக்கை வராதவர்கள், தொழிலாகச் செய்பவரிடம் பாய்லரை வாங்கிவிடுகிறார்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. வீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்து போகப்போகும் வண்டி அது.

வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஒதுக்கினால் ஓர் எஞ்சின் முடிய வருடங்கள் ஆகும். மனம் தளராமல் இருக்க, பழைய கைகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சட்டம், சக்கரம், சிலிண்டர் மூன்றும் முடிந்ததும், பாய்லருக்குக் காத்திராமல் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இணைத்துவிடுவார்கள். கொஞ்சம் திணறும், உறுமும், பிறகு சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். காபி கொண்டுவந்த மனைவியும், ஃபோனில் மூழ்கியிருந்த பேரனும் அன்றைக்குக் கொட்டகை வாசலில் நின்று பார்ப்பார்கள்.

அந்த ஒரு நாளுக்குச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் எஞ்சின் எதுவோ, அதுதான் முதலில் கட்டவேண்டியது. சிறுவயதில் பார்த்து மயங்கிய பெரிய எக்ஸ்பிரஸ் எஞ்சின் எங்கும் போய்விடாது. இரண்டாவதாகக் கட்டலாம்.