ஆலங்குடியிலேயே ஒரு கூட்டம் வேண்டும்



குடியை விட நினைப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பலரும் சொல்லும் வழி, கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வது. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, சித்தப்பிரமை வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. முதல் சில நாட்கள் மருத்துவரின் கண்காணிப்பு அவசியம்.

என் அண்ணன் சிகிச்சை முடித்து நல்லபடியாகத்தான் வீடு திரும்பினார். சிரமம் அதற்குப் பிறகுதான். சம்பள நாளன்று சாயங்காலம் கூட்டாளிகள் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். சட்டையை மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார். அந்த நேரத்தில் நாங்கள் சொல்லும் புத்திமதி அவர் காதில் ஏறாது. அதே நிலையைக் கடந்து வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் இப்படிப் பேசிக்கொண்டதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு. அவர்களில் ஒருவர் மருத்துவர். கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக உண்டு.

வாராவாரம் வெளியூரில் நடக்கும் இந்த அமைப்பின் கூட்டத்துக்குப் போய்வர, கூலி வேலைக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். ஆலங்குடியிலேயே அரசு மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஞாயிறு மாலை ஓர் அறையை அதிகாரிகள் ஒதுக்கித் தர வேண்டும். வழி தெரியாமல் தவிப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

குடியிலிருந்து மீண்டவர்கள் இருவர் முன்வந்தாலே கூட்டத்தைத் தொடங்கிவிடலாம். டீச் செலவை எங்கள் வீடு ஏற்றுக்கொள்ளும்.

- ஒரு வாசகி, ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்