ஒண்ணும் ஆகாதுங்க!

கொங்கு நாட்டு மரியாதை முழுக்க அந்த 'ங்க'வில் இருக்கிறது. ஆனால், அதே மரியாதையோடு நாம் சொல்கிற ஒரு வாக்கியம் ஆளையே கொல்லும். 'அட, ஒண்ணும் ஆகாதுங்க!'

2018 ஜூலை 12. கோவை நரசீபுரம் பக்கம் ஒரு கல்லூரி. பேரிடர் பயிற்சி என்று மாணவிகளை இரண்டாவது மாடியிலிருந்து குதிக்கச் சொன்னார்கள். கீழே மாணவர்கள் வலையைப் பிடித்து நின்றார்கள். 19 வயதுப் பெண் பயந்து தயங்கியதையும், பயிற்சியாளர் தள்ளிவிட்டதையும் வீடியோவில் நாடே பார்த்தது. முதல் மாடி சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனாள். தலையில் ஹெல்மெட் இல்லை. அந்த ஆள் தங்கள் பயிற்சியாளரே இல்லை என்று பிறகு கைவிரித்தது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம். உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது!

நரேன் கார்த்திகேயனை 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அனுப்பிய ஊர் இது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஹெல்மெட் இல்லாமல் ரேஸ் ஓட்ட விடமாட்டார்கள். அங்கே அது சட்டம். காலேஜ் மாடிக்கும், தெரு கிரிக்கெட்டுக்கும் மட்டும் சாமி துணையா?

ஹெல்மெட் போட்டால் கதை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அது மண்டை ஓட்டைக் காக்கும்; உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. அடிபட்டவன் எழுந்து, சிரித்துப் பேசி, நடந்தே போவான். உள்ளே ரத்தம் மெள்ளக் கசிந்துகொண்டிருக்கும். சில மணி நேரம் கழித்து வாந்தி, மயக்கம். ராமன் லம்பாவை ஞாபகம் இருக்கிறதா? 1998-ல் டாக்காவில் ஒரு கிளப் மேட்ச். ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றவருக்கு நெற்றியில் அடி. தானே நடந்துதான் மைதானத்தைவிட்டு வெளியே வந்தார். மூன்றே நாளில் இறந்துபோனார்.

அதனால்தான் தலையில் அடிபட்டவருக்குப் பதில் வேறு ஆள் ஆடலாம் என்று ஐ.சி.சி. 2019-ல் விதி கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. இன்னிங்ஸை முடித்துவிட்டுத்தான் வந்தார். ஆனாலும், அப்புறம் ஃபீல்டிங்குக்கு வரவில்லை, சாஹல் வந்தார். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் தன் முதல் சர்வதேச டி20 ஆடிய மேட்ச் அது. சாஹல் எடுத்த மூன்று விக்கெட்டை ஊரே பேசியது. ஜடேஜாவை ஏன் உட்கார வைத்தார்கள் என்று எத்தனை பி.டி. மாஸ்டர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்?

நீங்களே பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள். கிரிக்கெட் பந்தைக் கையில் கொடுத்தால் ஹெல்மெட்டும் கொடுக்கிறீர்களா? தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா? ஃபீஸைப் பற்றிக் கேட்கத் தெரிந்த நமக்கு இதையும் கேட்கத் தெரிய வேண்டும்.

வ.உ.சி. மைதானத்தில் நாளைக்கு ஒரு பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், 'எந்திரி கண்ணு, ஒண்ணும் ஆகலை' என்று பேட்டைக் கையில் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஒண்ணும் ஆகலை என்பதை அவர் சொல்லட்டும்.