பரிசோதித்துப் பார்க்க யாருக்குக் காசு?

கோவை தானாக வளர்ந்த ஊர் என்ற கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். உழைப்பு, சிக்கனம், லேத் பட்டறை, பம்புசெட். உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1932இல் பைக்காராவிலிருந்து அரசாங்க மின்சாரம் மலையிறங்கிய பிறகுதானே மில்களும் பட்டறைகளும் இப்படிப் பெருகின? நிலமும் கிணறும் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். அதே தோட்டங்களில் பண்ணையாளாகக் கிடந்த அருந்ததியர்களிடம் அந்தக் கம்பியை இழுக்க என்ன இருந்தது?

இன்றைய பைக்காரா, ஆராய்ச்சி மானியம். ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' திட்டம் ஒரு மாதிரிக் கருவி செய்துபார்க்க 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பேட்டரியோ சோலாரோ, பட்டறை இயந்திரத்தைக் கண்காணிக்கும் கணினியோ, எதுவாகவும் இருக்கலாம். கடன் அல்ல, பங்கும் கேட்பதில்லை. ஆனால் பணம் இன்குபேட்டர் வழியாகத்தான் வரும். நம் பகுதியில் இன்குபேட்டர்கள் பெரும்பாலும் தனியார் கல்லூரி வளாகங்களில் இருக்கின்றன: பீளமேட்டில் பி.எஸ்.ஜி. ஸ்டெப், பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியின் மையம். அந்த வளாகத்துக்குள் யாரையும் தெரியாத பாலிடெக்னிக் தம்பிக்கு இப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது.

'உங்களுக்குத்தான் தனித் திட்டங்கள் இருக்கின்றனவே' என்பார்கள். இருக்கின்றன, வரவேற்கிறோம். தமிழ்நாடு அரசு 2022-23இல் பட்டியலின, பழங்குடியினர் புத்தொழில் நிதியை 30 கோடியுடன் தொடங்கியது. அது பங்கு முதலீடு. நிறுவனம் ஏற்கெனவே இருக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. மீதியைக் கடனாகவோ கைக்காசாகவோ காட்ட வேண்டும். ஒன்றிய அரசு 2020இல் அம்பேத்கர் பெயரில் கொண்டுவந்த புத்தாக்கத் திட்டம் 3 ஆண்டுகளில் 30 லட்சம் தருகிறது. அதற்கும் இன்குபேட்டர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

ஆக, ஜெயித்துக் காட்டினால் நமக்குப் பணம் உண்டு. நாலு மோட்டாரை எரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் இல்லை. அப்பனுக்குப் பட்டறை இருப்பவன் அதை வீட்டிலேயே செய்துகொள்கிறான்.

அமெரிக்காவில் 1982இல் சிறுதொழில் ஆராய்ச்சிக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி அங்குள்ள எரிசக்தித் துறை, மின்சாரம் முதல் கணினி வரை சிறு நிறுவனங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுத்துவந்திருக்கிறது. சிறுபான்மையினரையும் பின்தங்கியோரையும் பங்கேற்கச் செய்வது அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்ட நோக்கம். பணம் பெற்ற நிறுவனம் பின்தங்கியோருடையதா என்று பொதுப் பட்டியலில் ஒரு கட்டமே இருக்கிறது. அங்கே இனவெறி செத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. எண்ணிப் பார்க்க முடிகிறது, அவ்வளவுதான்.

இங்கே நாமே எண்ணுவோம், தோழர்களே. அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனு, கட்டணம் 10 ரூபாய். கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்ட இன்குபேட்டர் ஒவ்வொன்றின் வழியாகவும் மாதிரிக் கருவி மானியம் பெற்றவர்கள் எத்தனை பேர்? அதில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் எத்தனை? தேர்வுக் குழுவில் எத்தனை? 'சாதிவாரியாகப் பதிவு செய்வதில்லை' என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வைத்திருங்கள். மானியத்தில் இடஒதுக்கீடு கேட்டு நாம் கொடுக்கப்போகும் மனுவில் முதல் இணைப்பு அதுதான்.