பெயரளவில் ஒரு பயிற்சி

மூன்றாம் ஆண்டுத் தேர்வுகள் முடிந்ததும், மும்பை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் கையில் ஒரு பரிந்துரைக் கடிதத்துடன் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்குவது ஆண்டுதோறும் காணும் காட்சி. இன்டர்ன்ஷிப் எனப்படும் தொழிற்பயிற்சியை முடித்தால்தான் அதற்குரிய மதிப்பெண் கிடைக்கும். அலைந்து திரிந்து இடம் பிடித்த பலருக்கும் அங்கே காத்திருப்பது ஏமாற்றமே. இயந்திரத்தின் இயக்கத்தைக் கற்கச் சென்றவர், பழைய விலைப்பட்டியல்களைக் கணினியில் பதிவு செய்து கொண்டிருக்கிறார். உற்பத்திக் கூடத்தில் நுழையக் கேட்டால் பாதுகாப்பு விதி குறுக்கே நிற்கிறது. சந்தேகம் கேட்கப் பொறியாளர் எவரும் ஒதுக்கப்படுவதில்லை. ஆறாவது வார இறுதியில், "பயிற்சி திருப்திகரம்" என்ற சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. பயிற்சிக்கே போகாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு என்பது மாணவர்கள் அனைவரும் அறிந்த ரகசியம்.

இது மாணவர்களின் சோம்பலால் நேர்ந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பொறியியல் பட்டத்துக்கான சுமையை 160 மதிப்புப் புள்ளிகளாகக் குறைத்து, தொழிற்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நோக்கம் நல்லது. ஆனால், கட்டாயம் மாணவருக்கு மட்டும்தான். அவரை ஏற்க வேண்டும் என்ற கடமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை. ஏற்றவர்கள் எதைக் கற்றுத்தர வேண்டும், யார் பொறுப்பு, உதவித்தொகை உண்டா என்பதெல்லாம் அவரவர் மனம்போல் நடக்கிறது.

சட்டத்தில் இருக்கும் வெற்றிடம்தான் இதற்கு அடிப்படை. 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம், 1973-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் உள்ளடக்கியது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் தொழில்பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் தர வேண்டும் என்றும் அப்போது நிர்ணயிக்கப்பட்டது. ஆனால், இவை தொழில்பழகுநராக ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்பவருக்கு உரியவை. படிக்கும்போதே ஆறு வாரப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர், இந்தச் சட்டத்தின் கண்களில் தொழில்பழகுநரும் அல்லர். தொழிலாளர் சட்டங்களின் கண்களில் தொழிலாளியும் அல்லர். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் (2013) மட்டும் பயிற்சி பெறுவோரையும் ஊழியர் என்ற வரையறைக்குள் கொண்டு வந்தது. மற்ற சட்டங்களுக்கு அந்த அக்கறை வரவில்லை.

மருத்துவ மாணவர்களின் நிலை வேறு. பயிற்சி மருத்துவர்களுக்கு உதவித்தொகை வழங்காத ராணுவ மருத்துவ அறிவியல் கல்லூரிக்கு, மாதம் 25,000 ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. பொறியியல் மாணவர் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது?

மும்பைக்கு இதில் தனித்த ஒரு வருத்தம் உண்டு. இன்று மாட்டுங்காவில் இருக்கும் வி.ஜே.டி.ஐ. 1887-இல் தொடங்கப்பட்டது, இந்நகரின் பஞ்சாலைகளுக்குத் தொழில்நுட்பம் அறிந்தவர்களை உருவாக்கித் தருவதற்காகத்தான். கல்லூரியும் ஆலையும் ஒன்றையொன்று நம்பி வளர்ந்தன. 1982-இல் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றின் நிலத்தில் இன்று வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. எஞ்சிய தொழிற்சாலைகளைத் தேடி மாணவர்கள் அம்பர்நாத்துக்கும் தலோஜாவுக்கும் மின்ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

உதவித்தொகை இல்லாத பயிற்சிக்கு அன்றாடம் இப்படிச் சென்று வருவது, செல்வர் வீட்டுப் பிள்ளைக்குச் சிறு சிரமம். தாராவியின் 90 அடி சாலையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டிலிருந்து கிளம்பும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது குடும்பத்தின் மளிகைச் செலவில் விழும் வெட்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். நிறுவன அதிகாரி எவரையும் இவர்களுக்குத் தெரியாது. நல்ல பயிற்சி இடமோ பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகவே கிடைக்கிறது. விந்தை என்னவென்றால், தோல் தைப்பதும் பிளாஸ்டிக்கைப் பிரித்து அரைப்பதும் நடக்கும் இவர்களது தெருவில் கண்ணால் காணக்கூடிய உற்பத்தி நுட்பம், பயிற்சி அலுவலகத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் இல்லை.

மத்திய அரசு கைகட்டி நிற்கவில்லை என்பது உண்மை. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில், ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு 500 முன்னணி நிறுவனங்களில் பயிற்சி என்று அறிவிக்கப்பட்டது. மாத உதவித்தொகை 5,000 ரூபாய். முதல் சுற்றில் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புக் கடிதங்கள் வழங்கப்பட்டன. ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28 ஆயிரம் பேர். பயிற்சியில் சேர்ந்தவர்கள் அதிலும் ஒரு பகுதியினரே. 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீட்டில் 380 கோடியாகச் சுருங்கியது. வீட்டிலிருந்து தொலைவு, போதாத உதவித்தொகை, விருப்பத்துக்கு ஒவ்வாத பணி ஆகியவற்றை இளைஞர்கள் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் போக, தொடங்கப்பட்டபோது முழுநேர மாணவர்களுக்கு அத்திட்டத்தில் இடமே இல்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் பதிவு செய்தோர் எத்தனை, இடங்கள் எத்தனை என்று அமைச்சகம் எண்களை அடுக்குகிறது. என்ன கற்றார்கள் என்பதற்கு அட்டவணையில் பத்தி இல்லை.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆறு வாரத்தில் ஒருவருக்குப் பணியிடத்தைப் பழக்குவதற்குள் அவர் விடைபெற்றுச் சென்றுவிடுகிறார். சிறு தொழிற்கூடங்களில் ஒரே ஒரு பொறியாளர்தான் இருப்பார். அவர் உற்பத்தியைப் பார்ப்பாரா, பாடம் நடத்துவாரா? பிலானியில் உள்ள பிர்லா தொழில்நுட்ப அறிவியல் கழகம் 1973 முதலே இதற்கு விடை கண்டிருக்கிறது. அங்கே மாணவர் ஒரு பருவம் முழுவதையும் தொழிற்சாலையிலேயே கழிக்கலாம். பயிற்சியை மேற்பார்வையிட்டு மதிப்பிடும் பொறுப்பு கல்லூரி ஆசிரியருக்கு உண்டு. பிரான்ஸில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு உதவித்தொகை சட்டப்படி கட்டாயம். செய்ய முடியாத எதையும் நாம் கேட்கவில்லை.

கல்விக் குழுமம் உதிரி வாரங்களாகச் சிதறிக் கிடக்கும் பயிற்சியை ஒரே பருவமாக்க வேண்டும். ஆசிரியர் நேரில் சென்று பார்த்து எழுதாத அறிக்கைக்கு மதிப்பெண் வழங்கக் கூடாது. தொழில்பழகுநர் சட்டத்தைத் திருத்தி, படிக்கும் மாணவர்களையும் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது நாடாளுமன்றத்தின் கடமை. செம்பூர் வட்டாரத்தில் உள்ள உர ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், மாட்டுங்கா ரயில்வே பணிமனை போன்ற பொதுத்துறை அமைப்புகள் அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர்களுக்கென ஆண்டுதோறும் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்கி முன்மாதிரியாக இருக்கலாம். மேற்கு மண்டலத் தொழில்பழகுநர் பயிற்சி வாரியத்தின் அலுவலகம் சயனில்தான், தாராவிக்கு வெகு அருகில், இருக்கிறது. அந்த வாரியத்துக்கு இப்பயிற்சிகளையும் ஆய்வு செய்யும் அதிகாரத்தை அளித்தால், ஏமாற்றத்துடன் திரும்பும் மாணவர் தன் புகாரைக் கொடுக்க ஒரு முகவரியாவது கிடைக்கும்.